எம்எஸ்: உறைக்கு உள்ளே நடக்கும் சேதம்

மதுரையிலோ திருச்சியிலோ மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பும் எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு நோய் உள்ளவரிடம் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "எத்தனை புள்ளி இருக்காம்?" என்பதுதான். பெரிய கவரிலிருந்து ஃபிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நோய் தாக்கிய இடமாக வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் விரல்விட்டு எண்ணுவார்கள். போன தடவை ஏழு, இந்தத் தடவையும் ஏழு என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஒரே அளவு புள்ளிகள் உள்ள இரண்டு பேரில் ஒருவர் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய்வருகிறார், இன்னொருவர் முகப்பிலிருந்து வளவுக்கு வருவதற்கே சுவரைப் பிடிக்கிறார். ஒரு புள்ளிகூடப் புதிதாக வராமலே சிலருக்கு வருஷா வருஷம் நடை மோசமாகிறது. நரம்பியல் மருத்துவர்களையே நெடுநாள் குழப்பிய விஷயம் இது.

இதற்கான விடையில் பெரும்பகுதி அந்த வெள்ளைப் புள்ளிகளில் தெரியாது. நரம்பணுவுக்கு உள்ளே, அது தனக்கென்று தயாரித்து வைத்திருக்கும் புரதங்களில் இருக்கிறது. எம்எஸ் என்றால் நரம்பின் மேலுறை கெட்டுப்போகும் நோய் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் ஆளை நிரந்தரமாகச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பது, உறை போன பிறகு உள்ளே இருக்கும் இழை அறுந்துபோவது. அந்த இழையை அறுப்பதில் நரம்பணுவின் சொந்தப் புரதங்களுக்கே பெரிய பங்கு உண்டு. கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இந்த நோய் உள்ள குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து, மயலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்குகின்றன. உலகம் முழுக்கச் சுமார் 28 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2020-இல் வந்த கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஐரோப்பாவைவிட இந்தியாவில் குறைவுதான். ஆனாலும் முன்பெல்லாம் வாதம் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் பெயர் வைத்து விட்டுவிட்டவர்களில் சிலருக்கு எம்ஆர்ஐ வந்த பிறகுதான் சரியான பெயர் கிடைத்திருக்கிறது. எதனால் வருகிறது என்பதில் 2022-இல் பெரிய வெளிச்சம் கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசியபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. ஆனால் அந்த வைரஸ் நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுவது. அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இனி இழைக்கு வருவோம். 1868-இல் பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தார். தழும்பு விழுந்த இடங்களில் உறை போயிருக்கிறது, இழைகள் ஓரளவு தப்பி நிற்கின்றன என்பது அவர் கண்டது. அடுத்து வந்தவர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் உறையைப் பற்றியே பேசின. இழை அறுவது நோய் முற்றிப்போன பிறகு கடைசியில் நடக்கும் சமாசாரம் என்று ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவை 1997-இலும் 1998-இலும் வந்த இரண்டு ஆய்வுகள். முதலாவது இங்கிலாந்திலிருந்து வந்தது. நரம்பணுவின் புரதங்களில் பெரும்பாலானவை அதன் தலைப்பகுதியான அணு உடலில் தயாராகி, ஆக்சான் என்ற நீண்ட இழை வழியாகக் கீழே அனுப்பப்படுகின்றன. அப்படிப் போகும் புரதங்களில் ஒன்று அமிலாய்டு முன்னோடிப் புரதம். அல்சைமர் நோயைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். இழை நல்லபடியாக இருந்தால் இந்தப் புரதம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வழியில் அடைப்பு வந்தால் அங்கேயே குவிந்துவிடும். எம்எஸ் நோயாளிகளின் மூளையில், தாக்குதல் சூடாக நடந்துகொண்டிருந்த இடங்களில் இந்தக் குவியல் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் புரூஸ் டிராப் குழுவினர் செய்தது. அறுந்துபோன இழைகளின் முனைகளை எண்ணினார்கள். தாக்குதல் நடக்கும் இடத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சராசரியாக 11,000-க்கும் மேல். நோய் இல்லாதவர்களின் மூளையில் அதே அளவு இடத்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஒரு கன மில்லிமீட்டர் என்றால் கடுகைவிடச் சிறிய இடம். அதற்குள் பதினோராயிரம் அறுந்த முனைகள். அதிலும் நோய் வந்து கொஞ்ச காலமே ஆனவர்களிடமும் இது இருந்தது. கடைசியில் நடப்பது என்று எண்ணியிருந்தது ஆரம்பத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. பிறகு ஏன் வெளியே தெரியவில்லை? மூளைக்குக் கையிருப்பு அதிகம். ஒரு வழி போனால் வேறு வழியில் வேலையை ஓட்டிவிடும். கையிருப்பு தீரும் கட்டத்தில்தான் கால் இழுக்கத் தொடங்கும். நடக்கவே முடியாமல் போனவர்களின் தண்டுவடத் தழும்புகளைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, சராசரியாக 68 சதவீத இழைகள் இல்லாமல் போயிருந்தன.

எம்எஸ் பற்றி விளக்கும்போது மருத்துவர்கள் கரன்ட் ஒயரைக் காட்டுவார்கள். மேலே ரப்பர் உறை, உள்ளே செம்புக் கம்பி, உறை உரிந்தால் கரன்ட் கசியும். ஆரம்பத்துக்கு இது போதும். ஆனால் செம்புக் கம்பிக்குப் பசிக்காது. ரப்பர் உரிந்தாலும் கம்பி பல வருஷம் அப்படியே கிடக்கும். நரம்பிழைக்கு உயிர் இருக்கிறது. அதன் மேல் உறையைச் சுற்றிவிடும் அணுக்கள்தாம் அதற்கு லாக்டேட் என்ற எரிபொருளையும் ஊட்டுகின்றன. உறை போகும்போது சாப்பாடும் சேர்ந்து குறைகிறது. குறைந்த சாப்பாட்டில் கூடுதல் வேலை செய்ய வேண்டிய நிலைக்கு இழை தள்ளப்படுகிறது. சேதம் தொடங்குவது அங்கேதான்.

காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு அடுத்து வருவது அந்நியமாக இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஒருவராவது பாதி வீடுகளுக்குப் பழக்கம். அயனி, மின்னழுத்தம் என்ற சொற்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அது திறப்பதற்கு முந்தைய வருஷம், 1952-இல், இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து, நரம்பில் ஓடும் மின்சாரம் சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வின் குறுக்கே நகர்வதால் வருகிறது என்று கணக்கோடு நிறுவினார்கள். 1963-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நரம்பில் ஓடுவதும் மின்வேதியியல்தான்.

சும்மா இருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். சைகை வரும்போது சவ்வில் இருக்கும் சோடியம் சேனல் என்ற புரதங்கள் திறந்து, சோடியம் உள்ளே பாயும். மயலின் உறை தொடர்ச்சியாக இருக்காது. இடையிடையே ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். அதற்கு ரான்வியர் கணு என்று பெயர். சோடியம் சேனல்கள் அந்தக் கணுவில் மட்டும் அடர்ந்து நிற்கும். ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம். உறைக்கு அடியில் இருக்கும் சவ்வில் இருபத்தைந்துகூட இருக்காது. சைகை கணுவுக்குக் கணு தாவிப் போவதால் வேகமும் கிடைக்கிறது, செலவும் குறைகிறது. சேனல்கள் கலைந்துபோகாமல் அந்தந்த இடத்தில் பிடித்துவைப்பதற்கென்று நியூரோஃபேசின், கான்டாக்டின், காஸ்பர் என்று தனிப் புரதங்கள் இருக்கின்றன.

உறை உரிந்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. பிடித்துவைத்த புரதங்கள் விலகுகின்றன, சோடியம் சேனல்கள் இழை நெடுகப் பரவுகின்றன. ஒருவகையில் இது உயிர் பிழைக்கும் முயற்சி. தாவிப்போக முடியாவிட்டாலும் ஊர்ந்தாவது சைகை போய்ச் சேருகிறது. எம்எஸ் தாக்குதலுக்குப் பிறகு பலருக்குப் பார்வையும் நடையும் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சேனல் எந்த வகை என்பதைப் பொறுத்து அந்த விலை மாறும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வாக்ஸ்மன் குழுவினர் 2004-இல் இதை நோயாளிகளின் திசுவிலேயே பார்த்தார்கள். உறை போன இழைகளில் நேவ்1.2, நேவ்1.6 என்ற இரண்டு வகைச் சோடியம் சேனல்களும் பரவியிருந்தன. சேதமடைந்த இழைகளில் நேவ்1.6 இருந்தது, அதோடு கூடவே சோடியம்-கால்சியம் மாற்றி என்ற இன்னொரு புரதமும் இருந்தது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து. நேவ்1.6 திறந்த பிறகு முழுசாக மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் பம்ப்புக்கு ஆற்றல் வேண்டும். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்க அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். சாப்பாடு குறைந்து, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அழற்சியால் அடிபட்டிருக்கும் இழையால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. உள்ளே சோடியம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சோடியம்-கால்சியம் மாற்றி தலைகீழாக ஓட ஆரம்பிக்கும். வழக்கமாகக் கால்சியத்தை வெளியே அனுப்புகிற அந்தப் புரதம், சோடியத்தை வெளியே தள்ளுவதற்காகக் கால்சியத்தை உள்ளே இழுக்கும்.

நரம்பிழைக்குள் கால்சியம் அளவு மீறினால் கால்பெயின் என்ற நொதி விழித்துக்கொள்ளும். புரதங்களை வெட்டுவதுதான் அதன் வேலை. இழைக்கு உள்சட்டமாக நிற்கும் நியூரோஃபிலமென்ட் புரதங்களை அது துண்டாடும். சட்டம் போனால் சரக்குப் போக்குவரத்து நிற்கும், சரக்கு குவியும், இழை வீங்கும், கடைசியில் அறும். இதில் நோய் எதிர்ப்பு அணு நேரடியாக எங்கே வந்தது என்று பாருங்கள். அது உறையை உரித்து, அழற்சியை மூட்டிவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் நரம்பணுவின் சொந்தப் புரதங்கள், அவற்றின் வழக்கமான வேலையை, தவறான சூழலில் செய்ததன் விளைவு. அறுந்த இழையைத் திரும்ப ஒட்டவைக்க மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தெரியாது.

இதே சோடியம் சேனலை வைத்துத்தான் நம் ஊர் வெயிலில் இந்த நோயாளிகள் படும் பாட்டையும் புரிந்துகொள்ள வேண்டும். என் பெரியப்பச்சி மகளுக்கு எம்எஸ். எனக்கு மூத்தவர், ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதலில் வந்தது கண்ணில். ஒரு கண்ணை அசைத்தால் வலி, அந்தக் கண்ணால் பார்த்தால் கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பு சாயம் போனதுபோல் வெளிறித் தெரிந்தது. மற்றக் கண்ணை மூடித் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவரே கண்டுபிடித்தார். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிட்டது. எல்லோரும் மறந்துபோனோம். அப்புறம் சில வருஷம் கழித்துக் கால் மரத்தபோதுதான் நோயின் பெயரே தெரிந்தது.

சித்திரையில், அக்கினி நட்சத்திரம் ஓடும் நாட்களில், காலையில் வளவில் கோலம் போட்டுவிட்டு நன்றாக நடமாடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்படியிலிருந்து எழுந்தால் வலது கால் தரையை விட்டு எழும்பாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செருப்பு உரசும் சத்தத்தை வைத்தே அவர் வருவது தெரியும். "மத்தியானம் காலு தூக்க மாட்டேங்குதுடா தம்பி, சாயந்தரம் குளிச்சா சரியாப் போயிருது" என்பார். அவர் மாமியாருக்கு இது பிடிபடவே இல்லை. "காலையில நல்லா இருந்த பிள்ளைக்கு மத்தியானம் மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது, ஆச்சிக்கு அது வலித்தது.

இதற்கு உத்தோஃப் விளைவு என்று பெயர். உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்குவதை 1890-இல் பதிவுசெய்த ஜெர்மானியக் கண் மருத்துவர் பெயரால் வந்தது. எம்ஆர்ஐ இல்லாத காலத்தில், நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. சூடு ஏறினால் சோடியம் சேனல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். நல்ல இழையில் தேவைக்குமேல் பலமடங்கு மின்னோட்டம் இருப்பதால் அது தெரியவே தெரியாது. உறை போன இழையில் சைகை மயிரிழையில் தப்பித்துத்தான் போய்க்கொண்டிருக்கும். உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே அங்கே சைகை நின்றுவிடலாம். உடல் தணிந்ததும் மறுபடி ஓடும். புதிதாகச் சேதம் எதுவும் இல்லை. ஆச்சியின் மத்தியான நடைக்கும் சாயங்கால நடைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். சோம்பலுக்கும் நடிப்புக்கும் அதில் இடமே இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் யாராவது உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும்.

காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். மழைக்காலத்தில் டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து கால் விழுந்தால், நோய் திரும்பிவிட்டது என்று பயந்து ஸ்டீராய்டு ஏற்றச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. முதலில் காய்ச்சலைத் தணித்துப் பார்க்க வேண்டும். வெப்பம் இறங்கியும் பலவீனம் போகாமல் ஒரு நாளுக்குமேல் நீடித்தால்தான் அது புதிய தாக்குதலா என்ற கேள்வி வருகிறது. நரம்பியல் மருத்துவரிடம் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

நடைக்கு உதவும் மருந்து ஒன்றும் சேனல் புரதத்தைக் குறிவைத்து வந்ததுதான். உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொட்டாசியம் சேனல்கள் உறை போனதும் வெளிப்பட்டு, மின்னோட்டத்தைக் கசியவிடும். ஃபாம்பிரிடின் அந்தச் சேனலை அடைக்கும். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. சிலருக்கு நடை வேகம் கூடுகிறது, எல்லோருக்கும் அல்ல. அது நோயை நிறுத்தாது.

சேனல்கள் இதோடு முடியவில்லை. அழற்சி நடக்கும் இடத்தில் அமிலத்தன்மை கூடும்போது திறக்கும் ஏசிக்1, கால்சியம் ஏறும்போது திறந்து சோடியத்தை இன்னும் உள்ளே விடும் ட்ரிப்எம்4 என்ற இரண்டு சேனல்களும் இழையைச் சேதப்படுத்துவதை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆய்வு நடத்திவரும் மானுவல் ஃப்ரீசும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007-இலும் 2012-இலும் எலிகளில் காட்டினார்கள். ட்ரிப்எம்4-ஐ அடைக்க அவர்கள் பயன்படுத்தியது கிளிபென்கிளமைடு, நம் வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து சர்க்கரைக்குப் போட்டுவரும் மாத்திரை. எலிகளின் நரம்பிழைகள் ஓரளவு தப்பின. எலியில் நடந்தது இது. சர்க்கரை இல்லாதவர் இந்த மாத்திரையைப் போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி வேறு உருவத்தில் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

இதே ஹாம்பர்க் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. பஸூன் என்று ஒரு புரதம். சாதாரணப் புரதத்தில் சில நூறு அமினோ அமிலங்கள் இருக்கும், இதில் 3,900-க்கும் மேல். நரம்பிழையின் கடைசி முனையில், அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கைமாறும் இடத்தில், சாரமாக நிற்பது இதன் வேலை. எம்எஸ் நோயாளிகளின் மூளையிலும், எம்எஸ் போன்ற நோயை வரவழைத்த எலிகளிலும் பார்த்தால், இந்தப் புரதம் முனைக்குப் போகாமல் அணு உடலிலேயே கட்டி கட்டியாகக் குவிந்து கிடந்தது. அழற்சியின் நெருக்கடியில் நரம்பணு இதை அளவுக்கு மீறித் தயாரித்திருக்கிறது. குவிந்த பஸூன் நரம்பணுவுக்கு நஞ்சாகிறது என்று அவர்கள் சோதனையில் தெரிந்தது. பஸூன் மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிகளில் நரம்பணுக்கள் அழற்சியைத் தாங்கின. பழைய புரதங்களை அரைத்து அகற்றும் புரோட்டியசோம் என்ற ஏற்பாட்டை மருந்தால் வேகப்படுத்தியபோதும் குவியல் குறைந்து சேதமும் குறைந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், புரதம் உருக்குலைந்து குவிவதை அல்சைமர், பார்க்கின்சன் போன்ற முதுமை நோய்களின் அடையாளமாகத்தான் பார்த்துவந்தோம். எம்எஸ்ஸை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தவறாக மட்டும் பார்த்தோம். நடுவில் இருந்த அந்தச் சுவர் பலவீனமாகிவிட்டது. ஆர்என்ஏ-வைக் கையாளும் எச்என்ஆர்என்பி ஏ1 என்ற புரதமும் எம்எஸ் நோயாளிகளின் நரம்பணுக்களில் உட்கருவை விட்டு வெளியேறி இடம் மாறிக் கிடப்பதைக் கனடாவில் மைக்கேல் லெவின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அதே புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் நோயாளிகளிடம் இருப்பதை அவர்கள்தான் கண்டார்கள்.

நரம்பணுப் புரதங்களே தாக்குதலுக்கு இலக்காவது தனி விஷயம். நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் மயலின் புரதங்களை மட்டுமே எதிரியாகப் பார்க்கின்றன என்ற எண்ணம் மாறிவருகிறது. கணுவில் நிற்கும் நியூரோஃபேசினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் சில நோயாளிகளிடம் இருப்பது 2007-இல் தெரிந்தது. 2019-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஆழமானது. பீட்டா சினியூக்ளின் நரம்பணுவுக்கே உரிய புரதம், மயலினில் இருப்பதில்லை. அதைக் குறிவைக்கும் டி செல்களை எலிகளுக்கு ஏற்றியபோது, அவை மூளையின் வெண்பகுதியை விட்டுவிட்டு நேராகச் சாம்பல் நிற மேற்பகுதிக்குப் போய் நரம்பணுக்களை அழித்தன. மீண்டும் மீண்டும் தாக்கியபோது மூளைப் புறணியே சுருங்கியது. நாட்பட்டு முற்றிவரும் எம்எஸ் உள்ளவர்களின் ரத்தத்திலும் இத்தகைய டி செல்கள் கூடுதலாக இருந்தன. சாம்பல் பகுதியில் விழும் சேதம் வழக்கமான எம்ஆர்ஐ ஃபிலிமில் சரியாகத் தெரியாது. நினைவாற்றல் குறைவு, யோசிப்பதில் மந்தம், விடாத சோர்வு இவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு.

சேதத்தை ஃபிலிமில் பார்க்க முடியாவிட்டால் வேறு எப்படி அளப்பது? கால்பெயின் துண்டாடும் நியூரோஃபிலமென்ட் புரதமே அதற்கு உதவுகிறது. அதில் லைட் என்ற சிறிய வகை, இழை அறும்போது முதுகுத்தண்டு நீரில் கலந்து, அங்கிருந்து மிகச் சிறிய அளவில் ரத்தத்துக்கும் வரும். ஒரு மில்லிலிட்டரில் சில பிக்கோகிராம் இருந்தாலும் அளக்கும் கருவிகள் இப்போது உண்டு. தாக்குதல் நடக்கும்போது அளவு ஏறுகிறது, நல்ல மருந்து தொடங்கினால் இறங்குகிறது. ஆனால் வயது கூடினாலும், தலையில் அடிபட்டாலும், பக்கவாதம் வந்தாலும் இது ஏறும். ஒரே ஒரு முறை எடுத்த அளவை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஒரே ஆளிடம் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில்தான் பயன்.

சரி, சேனல்தான் காரணம் என்றால் அதை அடைத்துவிட்டால் போதாதா? அப்படித்தான் ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜின் சோடியம் சேனலை அடைக்கும். முற்றிவரும் எம்எஸ் உள்ள 120 பேரிடம் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். மூளை சுருங்குவது குறையவில்லை. ஏசிக்1-ஐ அடைக்கும் அமிலோரைடையும் வேறு இரண்டு பழைய மருந்துகளையும் 445 பேரிடம் சோதித்த பிரிட்டன் ஆய்வு 2020-இல் வந்தது. அதிலும் பலன் இல்லை. ஆனால் 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில் கதை வேறு. ஆச்சிக்கு முதலில் கண்ணில் வந்ததே, அதுபோன்ற கண் நரம்பு அழற்சி வந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த 86 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ஃபெனிட்டாய்ன் கொடுத்தார்கள். வலிப்பு மாத்திரை என்று எல்லோருக்கும் தெரிந்த அதே மருந்துதான். விழித்திரையில் நரம்பிழை அடுக்கு மெலிவது 30 சதவீதம் குறைந்தது.

மூன்றும் சிறிய, நடுத்தர ஆய்வுகள். வேறு வேறு மருந்து, வேறு வேறு நோயாளிகள். ஆனாலும் தோற்ற இரண்டும் பல வருஷம் நோயோடு இருந்தவர்களிடம் செய்தவை, பலன் தந்தது தாக்குதல் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் செய்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இழை உயிரோடு இருக்கும்போது மட்டுமே அதைக் காப்பாற்ற முடியும். நரம்பணுவைக் காக்கும் மருந்து என்று உறுதியாகச் சொல்லிக் கொடுக்கக்கூடியது இன்றைக்கு ஒன்றும் மருத்துவர் கையில் இல்லை. ஃபெனிட்டாய்ன்கூட எம்எஸ்ஸுக்கான சிகிச்சையாக வழக்கத்துக்கு வரவில்லை. கையில் இருப்பது அழற்சியைத் தடுக்கும் மருந்துகள்: 1993-இல் வந்த இன்டர்ஃபெரான் தொடங்கி, 2017-இல் தொடக்கத்திலிருந்தே முற்றிவரும் வகைக்கும் அனுமதி பெற்ற ஓக்ரெலிசுமாப் வரை. அழற்சி மூளாவிட்டால் மேலே சொன்ன தொடர் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி தொடங்காது. அதனால் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

இங்கேதான் நம் பக்கத்துக் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று கவலை தருகிறது. தாக்குதல் வந்தால் ஓடுகிறார்கள், ஸ்டீராய்டு ஏறி நடை திரும்பியதும் "இப்பத்தான் நல்லா ஆயிருச்சே" என்று அழற்சியைத் தடுக்கும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். செலவு ஒரு காரணம், மதுரைக்கு அலைவது ஒரு காரணம், கல்யாணம் ஆகாத பெண் என்றால் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. எல்லாம் புரிகிறது. ஆனால் நடை திரும்பியதற்குக் காரணம், ஒன்று அழற்சி வடிந்தது, இன்னொன்று சோடியம் சேனல்கள் இழை நெடுகப் பரவி ஊர்ந்து போகும் சைகைக்கு வழி செய்தது. அந்த இழை நல்ல நிலைக்கு வந்துவிடவில்லை. கூடுதல் செலவில் ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்து நிற்க வேண்டுமா, மாற வேண்டுமா என்பது மருத்துவர் முன்னால் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. செலவுக்கு வழி தேடுவோருக்கு ஒரு தகவல்: 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்எஸ்ஸும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-லிருந்து இயங்குகிறது, சென்னையிலும் கிளை உண்டு. புகை பிடிப்பவர் என்றால் அதை விட்டுவிடுவதும் சிகிச்சையின் பகுதிதான். புகைபிடிப்பவர்களுக்கு ஊனம் வேகமாகச் சேர்கிறது.

புதிய தாக்குதல் இல்லாமலே சத்தமில்லாமல் முன்னேறும் சேதத்தை வீட்டிலிருந்தே கவனிக்க மருத்துவர்களே பயன்படுத்தும் ஒரு எளிய அளவு இருக்கிறது. 25 அடி தூரத்தை, பத்திரமாக முடிந்த அளவு வேகமாக, நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது. பட்டாலையோ வராந்தாவோ நீளமாக உள்ள வீட்டில் தரையில் இரண்டு கோடு போட்டு, கைப்பேசியில் நேரம் எடுத்தால் போதும். தடி பிடித்து நடப்பவர் தடியோடே நடக்கலாம், கூட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் அளவு கெட்டுவிடும் என்பதால் எப்போதும் காலையில், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டு முறை நடந்து சராசரியைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். வழக்கமான நேரத்தைவிட 20 சதவீதம் கூடி, அது காய்ச்சலோ வெயிலோ காரணம் இல்லாமல் தொடர்ந்தால், ஃபிலிமில் புதிதாக ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் சொன்னாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.